மீன்பிடி வெண்பா: மூன்றாமடி தட்டுகிறதா?

பிப்ரவரி 4, காலை (கேள்வி)

வெண்பா எழுதிப் பழகி வருகிறேன். வீச்சுவலை போடும் ஒருவரைப் பற்றி இதை எழுதினேன். மூன்றாமடியில் தளை (ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் முறை) தட்டுகிறது என்கிறார் நண்பர். வாய்விட்டுப் படித்தால் எனக்குச் சரியாகத்தான் வருகிறது. யார் சொல்வது சரி?

வலைவீசி நின்றான் வளைகடல் பார்த்தான்
அலைமேலே வெள்ளி அசையும் – மலைபோல
சேற்றோடு பாசி கண்ணியில் சிக்கியது
நேற்று விட்ட சிறுமீன்

பிப்ரவரி 4, இரவு

நண்பர் சொல்வது சரி. மூன்றாமடியை அசை பிரித்துப் பாருங்கள். தனி எழுத்து நேர், குறிலை அடுத்து இன்னோர் எழுத்துச் சேர்ந்தால் நிரை, ஒற்றைக் கணக்கிடுவதில்லை. அசைகள் சேர்ந்தது சீர். தேமா, கூவிளம் போன்றவை சீர்களின் வாய்பாட்டுப் பெயர்கள்.

சேற்/றோ/டு: நேர் நேர் நேர், தேமாங்காய்.
பா/சி: நேர் நேர், தேமா.
கண்/ணியில்: நேர் நிரை, கூவிளம்.
சிக்/கிய/து: நேர் நிரை நேர், கூவிளங்காய்.

நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வர வேண்டும். "பாசி" மாச்சீர், அடுத்து வரும் "கண்" நேர். மாமுன் நேர் வந்தால் அது நேரொன்றாசிரியத்தளை. ஆசிரியப்பாவில் இயல்பாக வரும் தளைதான், வெண்பாவில் இடமில்லை. நான்காமடியிலும் இதே தவறு இருக்கிறது: "நேற்று" மா, "விட்" நேர்.

முதலிரண்டு அடிகளில் தளைக் குற்றமே இல்லை. வலை, வளை என்று 1, 3ஆம் சீர்களில் மோனை (முதலெழுத்து ஒத்து வருவது). அடுத்த அடியில் அலை, அசை, அதே இடங்களில். வலை, அலை, மலை என எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) தனிச்சொல்வரை, அதாவது கோட்டுக்குப் பின் நிற்கும் "மலைபோல" வரை வந்திருக்கிறது. பழகுகிறவர் கையில் இவ்வளவு சுத்தமாக வருவது அரிது.

"மலைபோல" என்பதற்குப் பின் ச் மிகும்: மலைபோலச் சேற்றோடு. தளை கெட்டுவிடுமோ என்று விட்டிருந்தால், பயம் வேண்டாம். லகரம் தனிக்குறிலாக நின்றாலும் ஒற்றடுத்து நின்றாலும் நேரசைதான்.

பிப்ரவரி 5, காலை

நேற்றைய குறிப்பில் ஈற்றடியைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இன்னொருவர் சுட்டினார், நன்றி. "சிறுமீன்" என்பது சிறு/மீன், நிரை நேர், புளிமா. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரசையாக நிற்கலாம், இரண்டாவது அசை வந்தால் அது குற்றியலுகரமாக வர வேண்டும். முதற்குறளின் கடைசிச் சீர் "உலகு" பிறப்பு. "மீன்" மட்டும் நின்றால் நாள். "சிறுமீன்" நிற்காது.

ஆக மொத்தம் மூன்று தவறு: தளையில் இரண்டு, முடிவில் ஒன்று.

உடனே தோன்றிய திருத்தம்: "நேற்று விடுத்தசிறு மீன்." நேற்று (தேமா), விடுத்/தசி/று (கருவிளங்காய்), மீன் (நாள்). தளை சரி.

பிப்ரவரி 5, மாலை

காதுக்குச் சரியாகப் பட்டது ஏன் என்ற கேள்வி காலையிலிருந்து என்னை விடவில்லை. காது ஏமாற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் "நேற்று விட்ட சிறுமீன்" உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பேசுகிறவர் பேசுவதுபோல இருக்கிறது. அகவலோசைக்கு (அகவல் என்பது ஆசிரியப்பா) பழகிய காதுக்கு மாமுன் நேர் வருவது இடறாது. வெண்பாவுக்குரிய செப்பலோசையை எதிர்பார்த்துக் கேட்டால்தான் "நேற்று விட்ட" என்ற இடத்தில் கால் தடுக்கும்.

நான் பழகிய காலத்தில், கற்றுக்கொடுத்தவர் மேசையில் விரலால் தட்டுவார். நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு. வாய்பாட்டுப் பெயரே சொல்ல மாட்டார். மூன்று வாரம் ஒரே வெண்பாவைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டாமலே தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அதன்பின் கூட எழுதி முடித்ததும் அலகிட்டு, அதாவது அசை பிரித்து, பார்க்காமல் விடுவதில்லை.

பிப்ரவரி 7

மூன்றாமடிக்கு வருகிறேன். "பாசி"க்குப் பின் நிரையில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும் என்று தேடும்போதுதான் "கண்ணி" என்ற சொல்லையே உற்றுப் பார்த்தேன். கண்ணி என்றதும் பறவைக்கோ முயலுக்கோ வைக்கும் சுருக்குதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வலையில் இருப்பதற்குக் கண் என்பதே தெளிவான சொல். வலைக்கண் பெரிது, வலைக்கண் சிறிது என்று சொல்வது உண்டு. "வலைக்கண்ணில்" என்று போட்டால் வலைக்/கண்/ணில், நிரை நேர் நேர், புளிமாங்காய். மாமுன் நிரை வந்துவிட்டது, அடுத்து காய்முன் நேராகச் "சிக்கியது" நிற்கிறது.

சேற்றோடு பாசி வலைக்கண்ணில் சிக்கியது

தளை தட்டிய அதே சீரில்தான் சொல்லும் முழுதாகப் பொருந்தாமல் இருந்தது. எனக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது. ஓசைக்காக ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, அது முதலிலேயே பொருந்தாத சொல் என்று தெரியவரும். தளை தட்டினால் அசையைக் கூட்டிக் குறைக்கும் முன் அந்த இடத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். எப்போதும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. உங்கள் நான்காமடியில் சொல் எதுவும் தவறில்லை, ஓசை மட்டும்தான்.

பிப்ரவரி 8

"ரைம் எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடியின் கடைசியில் தேடினால் கிடைக்காது. பார்த்தான், மலைபோலச், சிக்கியது, மீன்: எதுவும் எதனோடும் சேரவில்லை. கடைசியில் ஒத்து வருவது இயைபுத் தொடை. திரைப்பாட்டு கேட்டு வளர்ந்த நம் காது அதைத்தான் முதலில் தேடும். வெண்பாவை எதுகை கட்டுகிறது. அது அடியின் தலையில், இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. வலை, அலை, மலை ஒரு கூட்டம். சேற்று, நேற்று இன்னொரு கூட்டம். அதனால் இது இரு விகற்ப நேரிசை வெண்பா. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும்: வ, அ, ம மூன்றும் குறில், சே, நே இரண்டும் நெடில்.

மூன்றாமடி மோனையைப் பற்றிச் சொல்லவில்லை. சேற்றோடு, சிக்கியது: ஏகாரத்துக்கு இகரம் இன எழுத்து, ஆகவே சே, சி மோனை. முதற்சீரிலும் நான்காம் சீரிலும் வந்திருப்பதால் ஒரூஉ மோனை.

பிப்ரவரி 8, இரவு

கேள்வி கேட்டவர் ஈற்றடிக்கு இரண்டு வடிவம் அனுப்பியிருக்கிறார்.

முதலாவது: "முந்நீருக் கேவிட்ட மீன்." முந்நீர் என்றால் கடல். தளை சரிதான். ஆனால் "முந்நீருக்கே" என்ற சொல் இரண்டாக வெட்டுப்பட்டு "கே" அடுத்த சீருக்குப் போய்விட்டது. இது வகையுளி. பழைய பாட்டுகளில் நிறைய உண்டு, குற்றம் என்று சொல்ல மாட்டேன். பழகும்போதே கைவசப்படுத்திக்கொண்டால் பிறகு விடாது, அதனால் வேண்டாம் என்கிறேன். "நேற்று" போய்விட்டதும் இழப்பு. சேற்றோடு சேர்ந்த எதுகையும் அதனோடு போயிற்று.

இரண்டாவது: "நேற்றவன் விட்டசிறு மீன்."

இது என் திருத்தத்தைவிட நல்லது. நேற்று + அவன், குற்றியலுகரம் கெட்டு நேற்றவன். நேற்/றவன், கூவிளம். விளமுன் நேராக "விட்டசிறு" வருகிறது (விட்/டசி/று, கூவிளங்காய்), காய்முன் நேராக மீன். நான் "விடுத்த" என்று புலவர் சொல்லைப் போட்டேன். நீங்கள் "விட்ட" என்பதைக் காப்பாற்றிவிட்டீர்கள். விட்டவன் யார் என்பதும் தெரிகிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை: "நேற்று அவன்" என்று பிரித்து எழுதினால் நேற்/று தேமா, அவன் தனியே நிரை, எல்லாம் மாறிவிடும். யாப்பு மென்பொருளில் இடும்போதும் அப்படித்தான். நீங்கள் விட்ட இடைவெளியை வைத்துத்தான் அது சீர் பிரிக்கும்.

பிப்ரவரி 9

திருத்திய வடிவம், எல்லாரும் ஒரே பாடத்தைப் பார்த்துப் பேச:

வலைவீசி நின்றான் வளைகடல் பார்த்தான்
அலைமேலே வெள்ளி அசையும் – மலைபோலச்
சேற்றோடு பாசி வலைக்கண்ணில் சிக்கியது
நேற்றவன் விட்டசிறு மீன்

15 சீர், 14 தளை. எண்ணினேன். இயற்சீர் வெண்டளை (மாமுன் நிரை, விளமுன் நேர்) 7, வெண்சீர் வெண்டளை (காய்முன் நேர்) 7. இரண்டும் கலந்து வருவதால் ஒழுகிசைச் செப்பல். அதைவிட வியப்பு, காய்ச்சீர்கள் நிற்கும் இடம். தனிச்சொல்லுக்கு முன் 7 சீரில் இரண்டே காய்: வலைவீசி, அலைமேலே. தனிச்சொல்லிலிருந்து கடைசிவரை 8 சீரில் ஐந்து காய்: மலைபோலச், சேற்றோடு, வலைக்கண்ணில், சிக்கியது, விட்டசிறு. வலை கனக்கத் தொடங்கும் இடத்தில் சீரும் கனக்கிறது.

பிப்ரவரி 9, பிற்பகல்

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஐந்தில் "வலைக்கண்ணில்" நான் போட்டது, "விட்டசிறு" தளைக்காகப் பின்னால் வந்தது. முதல் பாடத்தில் அந்தப் பகுதியில் இருந்தவை மூன்றே காய். ஆகவே "கவிஞர் கனத்தைச் சீரில் வைத்தார்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. திருத்தி முடித்தபின் அப்படி அமைந்திருக்கிறது, படிக்கும்போது உணரவும் முடிகிறது. அவ்வளவுதான் சொல்லலாம். முடிந்த பாட்டை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையைக் கவிஞரின் நோக்கமாக மாற்றிவிடுவது யாப்பு ஆராய்கிறவர்களுக்கு வரும் பழக்கம். எனக்கும் இருக்கிறது.

பிப்ரவரி 10

ஐகாரக் கேள்விக்குப் பதில். வலையில் வரும் லை நெடிலா குறிலா என்கிறார் ஒருவர். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகும். அதை வைத்துக் குறிலாகவும் அலகிடுவது உண்டு. "காலைவெயில்" என்றால் அது சிக்கலாகும். கா/லைவெ/யில் என்று குறுக்கிப் பிரித்தால் கூவிளங்காய். கா/லை/வெயில் என்று நெடிலாகப் பிரித்தால் தேமாங்கனி, வெண்பாவில் கனிக்கு (நிரையில் முடியும் மூவசைச் சீர்) இடமே இல்லை. இந்தப் பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. வலை, வளை, அலை, அசை, மலை, மறுபடி வலை: ஆறு இடத்திலும் ஐகாரம் ஒரு குறிலை அடுத்தே வருகிறது. குறிலிணை என்றாலும் குறில்நெடில் என்றாலும் நிரைதான்.

பிப்ரவரி 12

"நேற்று விட்ட சிறுமீன்" அகவலில் நிற்கும் என்று 5ஆம் தேதி சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதே செய்தியை நேரிசை ஆசிரியப்பாவில் செய்து பார்த்தேன்.

விரிவலை எறிந்து விடியல் நோக்கித்
திரைமேல் வெள்ளி அசைய நின்றோன்
சேறும் பாசியும் ஈர்த்தனன்
நேற்று விட்ட குஞ்சு மீனொடே

ஈற்றயலடி முச்சீர், ஏகாரத்தில் முடிவு. விரி, திரை என்பது வருக்க எதுகை (ரி, ரை ஒரே மெய்யின் வரிசை). கடைசி அடியைப் பாருங்கள்: நேற்று, விட்ட, குஞ்சு மூன்றும் தேமா, மூன்று இடத்திலும் மாமுன் நேர். வெண்பாவில் குற்றமான அதே தளை இங்கே அடியையே நடத்திச் செல்கிறது. உங்கள் காது கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓர் இழப்பு இருக்கிறது. வெண்பாவில் மீன் கடைசியில், தனி ஓரசையாக வந்து நிற்கிறது. அதுவரை வலையில் என்ன வந்தது என்று தெரியாது. பாசிதான் என்று நினைக்கும்போது மீன். "சிக்கியது" என்ற சொல் பின்னால் பார்த்தால் பாசியோடு சேர்கிறது, முன்னால் பார்த்தால் மீனோடு சேர்கிறது. என் அகவலில் "மீனொடே" வாலாகத் தொங்குகிறது. இந்தப் பாட்டுக்கு வெண்பாதான். ஐங்குறுநூற்றில் 3 முதல் 6 அடிக்குள் அம்மூவனார் நெய்தலை எப்படி முடிக்கிறார் என்று பார்த்தால் குறை பாவில் இல்லை, என் கையில்தான் என்று தெரியும்.

பிப்ரவரி 13

இரண்டு சின்னப் பதில்கள்.

மீன்பிடிப் பாட்டென்றால் ஏலேலோ தாளம் வேண்டாமா என்று கேட்டவருக்கு: அது பலர் சேர்ந்து கயிறு இழுக்கும்போது, எல்லார் கையும் ஒரே நேரத்தில் விசை கொடுப்பதற்காக வருவது. ஒருவர் பாட மற்றவர் வாங்கிச் சொல்வார்கள். வீச்சுவலை ஓராள் வேலை. வீசி, நின்று, மெதுவாகச் சுருக்கி இழுப்பது. அந்த அமைதிக்குச் செப்பலோசை பொருந்துகிறது.

நெய்தலுக்குப் பொழுது எற்பாடு (சூரியன் சாயும் நேரம்), உங்கள் அகவலில் விடியல் வருகிறதே என்றவருக்கு: விடியல் மருதத்தின் பொழுது என்று தொல்காப்பியம் சொல்வது சரி. இது அகப்பாட்டு இல்லை, தலைவியும் இல்லை தோழியும் இல்லை. கடலும் வலையும் வந்ததால் மட்டும் நெய்தல்திணை ஆகிவிடாது.

பிப்ரவரி 16

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: "நேற்று விட்ட மீன்தான் இது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?"

யாப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய கேள்வி. மீனுக்கு அடையாளம் வேண்டும். பாட்டில் வெறும் "சிறு மீன்" என்றுதான் இருக்கிறது, பெயர்கூட இல்லை.

முழங்கால் தண்ணீரில் வீச்சுவலை போடப் பழகியிருக்கிறேன். வட்டமாக விரிய வேண்டும், விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் விழ வேண்டும். எனக்கு விரிந்ததைவிடச் சுருண்டு விழுந்ததுதான் அதிகம். குண்டுகள் தரையோடு இழுபட்டு வருவதால் சேறும் பாசியும் சேர்ந்து வரும். "மலைபோல" என்பது கையால் தூக்கிப் பார்த்தவர் சொல். பெரிய மீன் வலையின் மடிப்பில் அகப்படும். சின்னது கண்ணில் தலையை நுழைத்துக்கொள்ளும்.

அன்று ஒரு கெளிறு வந்தது. அதற்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள், மூன்றும் விறைத்து நிற்கும். முள்ளின் ஓரம் அரம்போல இருக்கும். வலைக்கண்ணில் மாட்டினால் முன்னும் வராது பின்னும் போகாது. நான் அவசரமாகப் பிடித்து இழுத்தேன். விரலில் ஏறியது, இரவுவரை கடுத்தது. பக்கத்தில் நின்றவர் வாங்கி, பக்க முள் ஒன்றை ஒடித்து எடுத்துவிட்டார். சின்னது என்று தண்ணீரில் போட்டுவிட்டார்.

முள் ஒடிந்த கெளிறு மறுநாள் வந்தால் யாருக்கும் தெரியும்.

பிப்ரவரி 16, இரவு

அலகிட்டுப் பார்த்தேன். "நேற்றவன் விட்ட கெளிறு." நேற்றவன் கூவிளம், விட்ட தேமா, கெளிறு பிறப்பு. கெளி நிரை, று குற்றியலுகரம். மாமுன் நிரையும் சரி. உங்கள் "விட்ட" எந்த ஒட்டும் இல்லாமல் தனிச்சீராகவே நிற்கிறது.

முள்ளையும் கொண்டுவர "நேற்றுமுள் போன கெளிறு" என்றும் வைக்கலாம். நேற்/றுமுள், போ/ன, கெளிறு. தளை சரி.

பிப்ரவரி 17

"முள் போன" வேண்டாம் என்கிறார் பாட்டுக்காரர். விட்டது பாட்டில் இருந்தாக வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். முள்ளை மேலடிக்கு ஏற்றி அவரே ஒரு வடிவம் அனுப்பியிருக்கிறார்.

வலைவீசி நின்றான் வளைகடல் பார்த்தான்
அலைமேலே வெள்ளி அசையும் – மலைபோலச்
சேற்றோடு பாசி, ஒடிந்தமுள் சிக்கியது
நேற்றவன் விட்ட கெளிறு

ஒடிந்/தமுள், நிரை நிரை, கருவிளம். "பாசி" மாமுன் நிரை. விளமுன் நேராகச் "சிக்கியது". எங்கும் தட்டவில்லை. என் "வலைக்கண்ணில்" போய்விட்டது, போகட்டும். சிக்கியது என்றாலே கண் தெரிகிறது, எதனால் சிக்கியது என்பதும் இப்போது சீருக்குள் வந்துவிட்டது. சேர்த்துப் படித்தால் பாசியில் முள் ஒடிந்ததுபோலத் தோன்றும். பாசிக்குப் பின் அந்தக் காற்புள்ளி கட்டாயம் வேண்டும்.

காலையில் இரண்டு வடிவத்தையும் வாய்விட்டுப் படித்தேன். "மீன்" என்று முடிந்தபோது நாக்கு மேலே ஒட்டி நின்றது. "கெளிறு" என்று முடியும்போது அந்த உகரம் பாதியில் தேய்ந்து போகிறது. இரண்டில் எது வேண்டும் என்று பாட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கெளிறு பக்கம்.